வீட்டில் செய்த கருவிகளால் சூரியப் புள்ளிகளை நோக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரியப் புள்ளிகளைக் காண விலையுயர்ந்த தொலைநோக்கி வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் ஒரு வில்லை, ஒரு குழாய், ஒரு வெள்ளை அட்டை ஆகியவையே தொடக்கத்திற்குப் போதும். ஆனால் பாதுகாப்பு விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்த முடியாது. ஆகவே இரண்டாவது கேள்விக்கான விடையைப் படித்து முடித்த பிறகே எந்தக் கருவியையும் சூரியனை நோக்கித் திருப்புங்கள்.

சூரியப் புள்ளி என்பது என்ன? அது ஏன் கருமையாகத் தெரிகிறது?

சூரியனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பாகிய ஒளிமண்டலத்தின் வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். சில இடங்களில் வலிமையான காந்தப்புலம் உள்ளிருந்து மேலெழுந்து, அடியிலிருந்து வெப்பத்தைச் சுமந்து வரும் வாயுவின் ஓட்டத்தைத் தடுத்துவிடுகிறது. அதனால் அந்த இடம் குளிர்ந்து, வெப்பநிலை 3,500 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. சுற்றுப்புறத்தைவிட ஒளி குறைந்திருப்பதால்தான் அது கறுப்பாகத் தெரிகிறது. பெரிய புள்ளி ஒன்றை மட்டும் தனியே பிரித்து இரவு வானில் வைக்க முடிந்தால், அது முழுநிலவைவிடப் பிரகாசமாக ஒளிரும். புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல் 1908-ஆம் ஆண்டு மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் நிறமாலையின் துணைகொண்டு நிறுவினார்.

வளர்ந்த புள்ளி ஒன்றில் இரண்டு பகுதிகள் தெளிவாகத் தெரியும். நடுவில் உள்ள கரிய பகுதி கருநிழல். அதைச் சூழ்ந்துள்ள சாம்பல் நிறப் பகுதி புறநிழல். இவற்றை நிழல் என்று அழைப்பது வழக்கமே தவிர, அங்கு எதன் நிழலும் விழுவதில்லை.

சூரியனை ஒரு நொடி நேரடியாகப் பார்த்தால் உண்மையில் ஆபத்தா?

வெறும் கண்ணாலும் ஆபத்து. வில்லை வழியாகப் பார்த்தால் நிரந்தரமாகப் பார்வை போய்விடும். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. ஆகவே எரிந்துகொண்டிருக்கும்போது எச்சரிக்கை எதுவும் வராது. பார்வையின் நடுவே கறை விழுந்திருப்பது பல மணி நேரத்திற்குப் பிறகே தெரியவரும்.

புகை படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள், குறுந்தகடு, வெயில் கண்ணாடி, பழைய வண்ணப் படச்சுருள் ஆகிய எவையும் வடிகட்டிகள் அல்ல. இவற்றில் சில, கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்துவிட்டு அகச்சிவப்புக் கதிரை அப்படியே விட்டுவிடும். வெளிச்சம் குறைவாகத் தோன்றுவதால் பார்ப்பவர் கூடுதல் நேரம் பார்க்கிறார், கண்ணின் மணியும் விரிந்துகொள்கிறது. இதனால் தீங்கு இன்னும் பெருகுகிறது. கருவி எதுவும் இல்லாமல் நேரடியாகப் பார்க்க வேண்டுமானால் ஐஎஸ்ஓ 12312-2 தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி, அல்லது 14-ஆம் எண் வெல்டிங் கண்ணாடி மட்டுமே ஏற்புடையது. அந்தக் கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலர் வழியாகப் பார்ப்பதும் கூடாது. வில்லை குவித்துத் தரும் வெப்பம் மெல்லிய தாளை நொடிப்பொழுதில் துளைத்துவிடும்.

இந்தப் பக்கத்தில் நான் பெரிதும் பரிந்துரைப்பது பிம்பத்தைத் திரையில் வீழ்த்திப் பார்க்கும் முறையை. அதில் கண் சூரியனை நோக்குவதே இல்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று அட்டையைப் பார்க்கிறோம். பலர் ஒரே நேரத்தில் பார்க்கலாம், படம் வரையலாம் என்பவை கூடுதல் நன்மைகள்.

ஊசித்துளை வழியாகப் புள்ளிகளைக் காண முடியுமா?

சாதாரண அட்டைப்பெட்டி ஊசித்துளைக் கருவியில் காண முடியாது என்பதே நேர்மையான விடை. ஊசித்துளை தரும் பிம்பத்தின் விட்டம், துளைக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தைச் சுமார் 107-ஆல் வகுத்தால் கிடைக்கும். ஒரு மீட்டர் பெட்டியில் சூரியன் 9 மில்லிமீட்டர் வட்டமாக விழும். துளையின் அகலமே ஒரு மில்லிமீட்டர் என்றால், அதற்குக் குறைவான எந்த விவரமும் மங்கிக் கலந்துவிடும். கிரகணத்தின் பிறை வடிவத்தைக் காண அது போதும், புள்ளிகளுக்குப் போதாது.

தூரத்தைப் பெருக்கினால் நிலைமை மாறுகிறது. சிறிய சமதளக் கண்ணாடி ஒன்றை 6 மில்லிமீட்டர் துளையிட்ட கறுப்புத் தாளால் மூடி வெயிலில் வைத்து, அது திருப்பும் ஒளியை 25 மீட்டர் தள்ளியுள்ள இருட்டறைச் சுவரில் விழச் செய்தால், ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரியன் கிடைக்கும். மிகப் பெரிய புள்ளிக்கூட்டம் அதில் மங்கலான கறையாகத் தெரியும். 1607-ஆம் ஆண்டில் யோகன்னஸ் கெப்ளர் இருட்டறையில் விழுந்த சூரிய பிம்பத்தில் இப்படியொரு கரும்புள்ளியைக் கண்டு, புதன் கோள் சூரியனைக் கடப்பதாக எண்ணிக்கொண்டார். அவர் பார்த்தது சூரியப் புள்ளியே.

முழுக்க முழுக்க வீட்டிலேயே செய்யக்கூடிய, புள்ளிகளைக் காட்டும் கருவி எது?

மூக்குக் கண்ணாடி வில்லையால் செய்யும் நீண்ட குழாய்தான். கண்ணாடிக் கடையில், சட்டத்திற்கு ஏற்ப வெட்டப்படாத முழு வட்டமான +0.5 டயாப்டர் (வில்லையின் திறனைக் குறிக்கும் அளவு) குவிவில்லை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் குவியத்தூரம், அதாவது வில்லையிலிருந்து சூரிய ஒளி குவியும் இடம் வரையிலான தூரம், 2 மீட்டர். அது சூரியனைச் சுமார் 18 முதல் 19 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமாகத் தாளில் வீழ்த்தும். ஒரு நாணயத்தின் அளவே ஆனாலும், ஊசித்துளையோடு ஒப்பிட முடியாத கூர்மை அதில் இருக்கும்.

வில்லையின் முழு விட்டத்தையும் பயன்படுத்தக் கூடாது. ஒற்றை வில்லை ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு தூரத்தில் குவிப்பதால் பிம்பத்தின் ஓரத்தில் நிறக்கசிவு தோன்றும். நடுவில் 30 மில்லிமீட்டர் வட்டத் துளையிட்ட கறுப்பு அட்டையை வில்லையின் முன் பொருத்தினால் அந்தக் குறை பெருமளவு மறைந்துவிடும். வெப்பமும் கட்டுக்குள் இருக்கும்: இந்த அமைப்பில் தாளில் விழும் ஒளியின் செறிவு, வெறும் வெயிலைவிட இரண்டரை மடங்கு அளவே. தாள் கருகாது. ஆனாலும் குழாயின் பின்முனையில் கண்ணை வைக்கவே கூடாது.

வில்லையின் புடைத்த பக்கம் சூரியனை நோக்கி இருக்கும்படி 2 மீட்டர் பிவிசி குழாயின் ஒரு முனையில் வில்லையைப் பொருத்துங்கள். மறுமுனையில், குழாய்க்குள் செருகி முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய சிறு குழாய்த் துண்டில் வெள்ளைத் தாள் ஒட்டிய அட்டையை வையுங்கள். அதற்கு முன்னால் குழாயின் பக்கவாட்டில் ஒரு சாளரம் வெட்டினால், திரையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். குழாயின் உட்புறத்திற்குக் கறுப்பு வண்ணம் பூசுவது அவசியம். பூசாவிட்டால் உட்சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பிம்பத்தை வெளிறச் செய்துவிடும். சூரியனின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரியும் வரை திரையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துங்கள். விளிம்பு கூர்மையானவுடன் புள்ளிகள் தாமாகவே தெரியத் தொடங்கும். தாளிலுள்ள புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். சாளரத்தின் வழியே ஒரு கை உருப்பெருக்கியால் தாளைப் பார்ப்பது தவறில்லை, ஏனெனில் அப்போது பார்ப்பது தாளைத்தான், சூரியனை அல்ல.

திரையாக மெல்லிய டிரேசிங் தாளை வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும் அமைப்பை நான் பரிந்துரைப்பதில்லை. தாள் கிழிந்தாலோ நழுவினாலோ, பார்ப்பவரின் கண் ஒளியின் பாதையிலேயே இருக்கும்.

பைனாகுலர் அல்லது சிறிய தொலைநோக்கி இருந்தால் என்ன செய்யலாம்?

பிம்பத்தைப் பெரிதாக வீழ்த்தலாம். 10×50 பைனாகுலரின் ஒரு குழலை மூடியால் அடைத்துவிட்டு, மறு குழலின் வழியே வரும் ஒளியை 50 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள அட்டையில் வீழ்த்தினால், சூரியன் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வட்டமாகத் தெரியும். அட்டையை ஒரு மீட்டருக்கு நகர்த்தினால் அளவு இரட்டிக்கும். வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். பைனாகுலரைக் கையில் பிடித்துக்கொண்டு எதையும் காண முடியாது. முக்காலியிலோ, பலகையில் அடித்த மரக்கட்டையிலோ அசையாமல் கட்ட வேண்டும். அதன் முன்பக்கத்தில், வில்லைக்கு மட்டும் துளைவிட்ட பெரிய அட்டையை மாட்டினால் திரை நிழலில் இருக்கும். பிம்பத்தின் தெளிவில் பாதிக்கு மேல் இந்த நிழலட்டையைப் பொறுத்தது.

குவியத்தூரம் 700 மில்லிமீட்டர் உள்ள சிறிய வில்லைத் தொலைநோக்கியில் 20 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள கண்ணருகு வில்லையைச் செருகி, அதிலிருந்து 48 சென்டிமீட்டர் தள்ளித் திரையை வைத்தால் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சூரியன் கிடைக்கும். வரைவதற்கு இது மிகப் பொருத்தமான அளவு. இந்த அளவில் பூமி வெறும் 1.4 மில்லிமீட்டர். ஆகவே திரையில் காணும் ஓரளவு பெரிய புள்ளிக்குள் பூமியை வைத்துவிடலாம் என்பது அளந்து பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடிய உண்மை.

சில எச்சரிக்கைகள் உண்டு. கண்ணருகு வில்லையின் கூடு பிளாஸ்டிக்காக இருந்தால் உருகும்; பசையால் ஒட்டிய வில்லைகள் வெடிக்கக்கூடும். ஹைகன்ஸ், ராம்ஸ்டன் போன்ற பழைய, எளிய, ஒட்டப்படாத வில்லைகளே இப்பணிக்கு உகந்தவை. ஷ்மிட்-காஸ்கிரெய்ன், மக்ஸுதோவ் எனப்படும், ஆடியும் வில்லையும் சேர்ந்த மூடிய குழாய் வகைத் தொலைநோக்கிகளை இம்முறைக்குப் பயன்படுத்தக் கூடாது. வெப்பம் குழாய்க்குள்ளேயே சிக்கி அவற்றைக் கெடுத்துவிடும். பொருளருகு வில்லை, அதாவது முன்பக்க வில்லை, பெரிதாக இருந்தால் அட்டையால் 50 மில்லிமீட்டருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தேடுதொலைநோக்கியை, அதாவது குறிவைக்கப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் சிறு தொலைநோக்கியை, கழற்றிவிடுவது நல்லது, குறைந்தபட்சம் அதன் முன்பக்கத்தையாவது மூடுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கருவியைச் சூரியனிலிருந்து திருப்பி ஆறவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சூரியனை நோக்கியிருக்கும் கருவியை விட்டு ஒரு நிமிடம்கூட அகலாதீர்கள். ஆர்வமுள்ள ஒரு குழந்தை வந்து கண்ணை வைக்க அந்த ஒரு நிமிடம் போதும்.

கருவியின் வழியே பார்க்காமல் சூரியனை எப்படிக் குறிவைப்பது?

குழாயின் நிழலைப் பாருங்கள். தரையில் நீண்டு கிடக்கும் நிழல், குழாய் சூரியனை நெருங்க நெருங்கக் குறுகும். நிழல் மிகச் சிறிய வட்டமாகச் சுருங்கும்போது குழாய் சூரியனுக்கு நேராக இருக்கிறது, திரையில் வெளிச்சம் பாயும். பூமி சுழல்வதால் சூரியன் தன் விட்டத்தின் அளவை இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கடந்துவிடும். ஆகவே அடிக்கடி சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வடிகட்டித் தாளைக் கொண்டு நேரடியாகப் பார்க்கும் அமைப்பை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். வானியல் பயன்பாட்டிற்கென்றே விற்கப்படும், ஒளியடர்த்தி எண் 5 உடைய சூரிய வடிகட்டித் தாளையே வாங்க வேண்டும். அது ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும். 3.8 எண் உடைய தாள் ஒளிப்படத்திற்கு மட்டும் உரியது, அதன் வழியே கண்ணால் பார்க்கக் கூடாது. இரண்டு அட்டை வளையங்களுக்கு இடையே தாளை இழுக்காமல் தளர்வாக ஒட்டி, பொருளருகு வில்லையின் வெளிப்புறத்தில் இறுக்கமாகப் பொருந்தும் மூடியாகச் செய்யுங்கள். தாளில் சுருக்கம் இருந்தால் கெடுதலில்லை, கீறலோ துளையோ இருந்தால் எறிந்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பொருத்துவதற்கு முன் பிரகாசமான விளக்கின் முன் பிடித்துச் சோதியுங்கள். காற்றடித்தால் கழன்று விழாதபடி ஒட்டுநாடாவால் கட்டுங்கள். கண்ணருகு வில்லையில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி பழைய தொலைநோக்கியுடன் வந்திருந்தால் அதை உடைத்துப் போடுங்கள். வெப்பத்தால் அது நோக்கிக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடும்.

எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது?

காலையில், சூரியன் அடிவானத்திலிருந்து போதிய உயரம் எழுந்து, ஆனால் தரை இன்னும் சூடேறாத வேளையில். நண்பகலில் சூடான தரையிலிருந்து எழும் காற்று, பிம்பத்தின் விளிம்பைக் கொதிக்கும் நீர்போல் அலையச் செய்யும். சிமெண்ட் தளத்தைவிடப் புல்தரை மேலானது.

திரையில் தெரிவது புள்ளியா, தூசியா?

இந்த ஐயம் எல்லாருக்கும் வரும். குழாயை மெல்லத் தட்டுங்கள். சூரியனின் விளிம்போடு சேர்ந்து ஆடும் கறை சூரியனுக்கு உரியது. சூரியன் நகர்ந்தும் திரையில் அதே இடத்தில் நிற்கும் கறை கண்ணருகு வில்லையின் தூசி. கண்ணருகு வில்லையைச் சுழற்றினால் தூசியும் கூடவே சுழலும். தாளின் இழையும் மேடுபள்ளமும் சில நேரங்களில் சிறு புள்ளிபோல் ஏமாற்றும். தாளைப் பக்கவாட்டில் விரைவாக அசைத்தால் இழைகள் கலைந்து மறைந்து, அதுவரை தெரியாத நுண்ணிய புள்ளிகள் அசையாமல் எழுந்து நிற்கும். கைக்கு எளிதான, ஆனால் வியப்பளிக்கும் உத்தி இது. நாள்தோறும் செய்யுங்கள்.

எப்படி வரைந்து பதிவு செய்வது? திசைகளை எப்படி அறிவது?

15 சென்டிமீட்டர் வட்டம் வரைந்த தாளைத் திரையில் பொருத்தி, பிம்பத்தை வட்டத்தோடு சரியாகப் பொருந்தச் செய்யுங்கள். முதலில் எல்லாப் புள்ளிகளின் இடங்களையும் மெல்லிய பென்சில் குறிகளாக விரைந்து குறித்துவிட்டு, பிறகே ஒவ்வொன்றின் வடிவத்தையும் நிரப்புங்கள். கருநிழலை அழுத்தமாகவும், புறநிழலை வெறும் கோட்டாலும் காட்டலாம். விளிம்பருகே வெண்மையான நூல்கள்போல் ஒளிப்பொலிவுத் திட்டுகள் தெரிந்தால் அவற்றையும் குறியுங்கள். தேதி, உலகப் பொதுநேரம், கருவி, காற்றின் நிலை (பிம்பம் எவ்வளவு அலைகிறது என்பது) ஆகிய நான்கும் இல்லாத வரைபடம் பின்னாளில் பயன்படாது.

திசைக்கு, கருவியை அசைக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு புள்ளி திரையில் நகரும் பாதையே கிழக்கு–மேற்குக் கோடு. தாளிலுள்ள கோட்டின் மீது புள்ளி பிசகாமல் ஓடும் வரை தாளைத் திருப்புங்கள். முன்னால் செல்லும் விளிம்பு மேற்கு. வான வடதுருவத்தை (துருவ நட்சத்திரம் இருக்கும் திசையை) நோக்கிக் கருவியைச் சற்றே தள்ளினால், பார்வைப் புலத்தை விட்டு முதலில் வெளியேறும் விளிம்பு தெற்கு. வீழ்த்திய பிம்பம் பொதுவாக இடவலம் மாறியே இருக்கும். ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் மூலைக்கண்ணாடி சேர்த்திருந்தால் அந்த மாற்றம் நீங்கிவிடும். ஊகிக்காமல், நகர்வைக் கொண்டே ஒவ்வொரு முறையும் உறுதிசெய்யுங்கள்.

சூரியனின் அச்சு, வானின் வடதிசையிலிருந்து ஆண்டு முழுவதும் இருபுறமும் 26.3 டிகிரி வரை சாய்ந்து தெரியும். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு புறமும் அக்டோபரில் மறுபுறமும் சாய்வு உச்சமடையும். அதோடு, அதன் நடுக்கோடு நம்மை நோக்கி 7.25 டிகிரி வரை மேலும் கீழும் நகரும். அந்தந்த நாளுக்குரிய இவ்விரு எண்களையும் வானியல் ஆண்டு அட்டவணையிலிருந்து எடுத்து, ஸ்டோனிஹர்ஸ்ட் வலைத்தட்டு எனப்படும் கோடிட்ட வட்டத்தை வரைபடத்தின்மேல் வைத்தால், ஒவ்வொரு புள்ளியின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் படித்துவிடலாம்.

ஒரே புள்ளியை அடுத்தடுத்த நாட்களில் வரைந்தால், அது நாளுக்கு ஏறத்தாழ 13 டிகிரி வீதம் நகர்ந்து, கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு விளிம்பு வரை இரண்டு வாரத்திற்குச் சற்றுக் குறைவான காலத்தில் செல்வதைக் காணலாம். விளிம்பை நெருங்கும்போது வட்டப் புள்ளி ஒடுங்கி நீள்வட்டமாகும். இதை 1612-இல் வரைந்து காட்டித்தான், புள்ளிகள் சூரியனைச் சுற்றும் சிறு கோள்கள் அல்ல, சூரியனின் மேற்பரப்போடு ஒட்டியவை என்று கலிலியோ வாதிட்டார். அவருக்குத் திரையில் வீழ்த்தி வரையும் முறையைக் காட்டியவர் அவருடைய மாணவர் பெனெதெத்தோ காஸ்தெல்லி. இன்று நீங்கள் செய்யப்போவது அதே வேலை, அதே சான்று.

புள்ளிகளை எண்ணுவதற்கு விதி உண்டா?

உண்டு. சுவிஸ் வானியலாளர் ருடால்ஃப் வோல்ஃப் 1848-இல் வகுத்த விதிப்படி, புள்ளிக்கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, அதனுடன் தனிப் புள்ளிகளின் மொத்த எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அது ஒரு கூட்டமாகவும் ஒரு புள்ளியாகவும் கணக்கிடப்பட்டு, விடை 11 ஆகும். இரண்டு கூட்டங்கள், ஒன்றில் ஒரு புள்ளி, மற்றொன்றில் ஆறு என்றால் 27. சிறு புள்ளிகளைக் கருவி தவறவிட்டாலும் கூட்டத்தைத் தவறவிடாது என்பதால்தான் கூட்டத்திற்கு இவ்வளவு எடை.

கூட்டங்களைப் பிரிப்பதுதான் கடினம். பெரும்பாலான கூட்டங்கள் கிழக்கு–மேற்காக நீண்டு, முன்செல்லும் புள்ளி நடுக்கோட்டிற்குச் சற்று அருகில் இருக்கும்படி அமையும். ஐயம் இருந்தால் முந்தைய நாள் வரைபடத்தைப் பாருங்கள். எது எதனோடு பிறந்தது என்பது அதில் இருக்கும். உங்கள் எண்ணிக்கை, வெளியிடப்படும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் வருந்த வேண்டாம். ஒவ்வொரு நோக்கருக்கும் ஒரு திருத்தக் காரணி, அதாவது அவர் எண்ணிக்கையைப் பொது அளவுக்குக் கொண்டுவரப் பெருக்கும் எண், உண்டு; அது நாளுக்கு நாள் மாறாமல் நிலையாக இருப்பதே முக்கியம். அதனால்தான் கருவியையும் முறையையும் அடிக்கடி மாற்றக் கூடாது.

கைப்பேசியால் படம் எடுக்கலாமா?

திரையில் விழுந்த பிம்பத்தைத் தாராளமாக எடுக்கலாம். முன்வடிகட்டி இல்லாத தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில் கைப்பேசியைப் பொருத்தினால் கேமரா கருகிவிடும்.

எப்போதும் புள்ளிகள் இருக்குமா?

இல்லை. புள்ளிகளின் எண்ணிக்கை சராசரியாக 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. தற்போதைய 25-ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி 2024-இல் உச்சத்தைத் தொட்டது. அவ்வாண்டு மே மாதம் தோன்றிய 13664 என்ற எண்ணுள்ள பகுதி, கிரகணக் கண்ணாடி மட்டும் அணிந்து பார்த்தவர்களுக்கே தெரியும் அளவு பெரிதாக இருந்தது. அதிலிருந்து கிளம்பிய வெடிப்புகள் வழக்கத்திற்கு மாறாகத் தாழ்ந்த அகலக்கோடுகளிலும் துருவ ஒளியைத் தோற்றுவித்தன. மாறாக 2008, 2009, 2019 ஆகிய ஆண்டுகளில் புள்ளியே இல்லாத நாட்கள்தாம் பெரும்பான்மை. 1645 முதல் 1715 வரையிலான மாண்டர் தாழ்நிலைக் காலத்தில் புள்ளிகள் மிக அரிதாகவே தென்பட்டன. அதை நாம் இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அக்காலத்து நோக்கர்கள் வெறும் வட்டங்களையும் பதிவு செய்து வைத்ததே. ஆகவே புள்ளி இல்லாத நாளில் சுழியம் என்று எழுதுங்கள். மேகம் மூடிய நாளில் எதுவும் எழுதாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

விண்கலங்கள் இருபத்துநான்கு மணி நேரமும் படம் எடுக்கும்போது இந்த வரைபடங்கள் எதற்கு?

விண்கலப் படங்கள் சில பத்தாண்டுகளுக்கு முன்புதான் தொடங்கின. புள்ளி எண்ணிக்கைத் தொடரோ கலிலியோவின் காலம் வரை பின்னோக்கி நீள்கிறது. பழைய எண்களோடு இன்றைய எண்களை ஒப்பிட வேண்டுமானால், பழைய முறையிலேயே, சிறு கருவிகளால், கண்ணால் எண்ணுபவர்கள் இன்றும் தேவை. பதினொரு ஆண்டுச் சுழற்சியைக் கண்டுபிடித்தவரே தொழில்முறை வானியலாளர் அல்லர். மருந்தாளராக இருந்த சாமுவேல் ஹைன்ரிச் ஷ்வாபே, புதனுக்கு உட்புறத்தில் ஒரு கோள் இருக்கிறதா என்று தேடி 1826 முதல் வெயில் கிடைத்த நாளெல்லாம் சூரியனைப் பார்த்து, 1843 வரையிலான தம் குறிப்புகளில் புள்ளிகள் ஏறி இறங்கும் ஒழுங்கைக் கண்டார். ஜப்பானின் ஹிசாகோ கோயாமா ஓர் ஆர்வலராகத் தொடங்கி, பிறகு டோக்கியோ அறிவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றியபடி, திரையில் வீழ்த்தும் இதே முறையில் நாற்பது ஆண்டுக் காலம் வரைந்தார். அவருடைய வரைபடங்கள், நானூறு ஆண்டுத் தொடரை அண்மையில் திருத்தியமைத்தபோது முதுகெலும்புகளுள் ஒன்றாக அமைந்தன.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. அன்றைய விண்கலப் படத்தை வரைந்து முடித்த பிறகே பாருங்கள். முன்பே பார்த்துவிட்டால், கண் தான் காணாததையும் தாளில் வைத்துவிடும். அப்படிப்பட்ட வரைபடத்திற்கு அறிவியல் மதிப்பு இல்லை.

என் பதிவுகளை யாருக்கு அனுப்பலாம்?

அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்தின் சூரியப் பிரிவு 1944 முதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் எண்ணிக்கைகளைத் தொகுத்து வருகிறது. பன்னாட்டுப் புள்ளி எண்ணைக் கணக்கிடும் பொறுப்பு 1981 முதல் பிரஸ்ஸல்ஸிலுள்ள பெல்ஜிய அரச வானாய்வகத்திடம் உள்ளது. அதன் வலையமைப்பிலும் ஆர்வலர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். எங்கு அனுப்புவதாயினும் முதலில் சில மாதங்கள் தொடர்ந்து, ஒரே கருவியால், ஒரே முறையில் பதிவு செய்து பழகுங்கள். அனுப்பும்போது மாதவாரியாக, ஒவ்வொரு நாளுக்கும் கூட்டங்களின் எண்ணிக்கை, புள்ளிகளின் எண்ணிக்கை, நோக்கிய நேரம், காற்றின் நிலை ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள். பார்க்காத நாளை நடுவில் நிரப்பாமல் வெறுமையாகவே விடுங்கள்.